கடல் பாஸ் அடித்த லினக்ஸ்காரர்

செய்தி வந்தபோது நான் வவுனியா பஸ் நிலையத்தில், திருத்தி எடுத்த கிறைண்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தொலைபேசியில் ஞானசீலனின் மனைவி மெற்றில்டா. "அண்ணை, அவர் காலமை எழும்பேல்லை. நெஞ்சு நிண்டு போச்சுதாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை. மகள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுத் திருகோணமலை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழி வந்த பிறகுதான் கிறைண்டர் இன்னும் மடியில் இருப்பதைக் கவனித்தேன். செத்த வீட்டுக்குள் அதோடுதான் நுழைந்தேன். ஞானசீலன் இருந்திருந்தால் அதை வாங்கிக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னோடு கதைத்திருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், அட்டைக்கு நல்ல படம் ஒன்றையும் அவருடைய கணினிக்குள் இருந்து எடுத்துத் தாருங்கள் என்று மெற்றில்டா கேட்டார். எழுதுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. அந்தக் கணினிக்கு முன்னால் போய் இருப்பதுதான் பெரிய வேலை. இதை வாசிக்கும் உங்களில் பலர் ஞானசீலனைக் கோயில் பாட்டுக் குழுவில் கண்டிருப்பீர்கள். சிலர் கடற்றொழிலாளர் சங்கத்தின் எழுதுவினைஞராக அறிந்திருப்பீர்கள். நான் அவரோடு ஒரே அறையில் இருந்து, ஒரே கணினிக்காக வருடக்கணக்கில் சண்டை பிடித்தவன். அவரைப் புகழ்ந்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் சண்டையைத்தான் எழுதப் போகிறேன்.

சங்க அலுவலகம் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இரண்டு அறை. நான் திரியாயில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவன். அப்படி ஓடி வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கதவுக்கு முதுகு காட்டி இருக்க ஏலாது. வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும். மேசைக்கும் வாசலுக்கும் இடையில் நாளெல்லாம் நடந்துகொண்டிருக்கிற எனக்குப் பக்கத்தில், ஆணி அடித்தது போலக் கதிரையில் இருந்தார் ஞானசீலன். என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர். "இருங்கோ அண்ணை. வாறது எப்பிடியும் வாசலாலதான் வரும். வந்தால் நானும் காணுவன்தானே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த யுத்த வருடங்களில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் பாஸ் வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், படகு இலக்கம் எல்லாவற்றையும் சங்கத்தில் தட்டச்சு செய்து, அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுப்போம். ஒரு பாஸ் ஏழு நாளைக்குத்தான், கிழமை மாறினால் பழைய பாஸ் செல்லாது. பாஸ் இல்லாவிட்டால் துறைமுகத்தில் கடற்படையின் காவல் வாசலைத் தாண்ட முடியாது. வாசலைத் தாண்டாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே எங்கள் கணினி படுத்தால் கரை முழுவதும் படுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். நான் ஏன் அவ்வளவு கத்தினேன் என்பது விளங்கும்.

கணினி யாரோ உதவியாகத் தந்த பழசு. அதற்குள் ஓடிய விண்டோஸ் கடையில் வாங்கிய கள்ளப் பிரதி. ஊரில் எல்லோரிடமும் இருந்தது அதுதான். ஆனால் ஞானசீலனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "களவெடுத்த சாமானில கடல் பாஸ் அடிக்கிறம் அண்ணை. உது எங்களுக்கு வேணுமே?" என்று கேட்பார். ஒருநாள் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறார். சுவாமியார், தன்னுடைய கணினிக்குள்ளும் அதே சீடிதான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று இவரையே திருப்பிக் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் விடவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த மச்சான் ஒருவரிடம் சொல்லி, விண்டோஸுக்குப் பதிலாக யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய லினக்ஸின் சீடி எடுப்பித்தார். ஒரு திங்கட்கிழமை காலை நான் வந்து பார்த்தபோது, எனக்குத் தெரிந்த திரை இல்லை.

"என்ன ஞானம் செய்தனீங்கள்?"

"மாத்திப் போட்டன் அண்ணை. இனி இது எங்கட. ஒருத்தருக்கும் பயப்படத் தேவையில்லை."

"எனக்குப் பாஸ் அடிக்க வேணும்."

"அடிக்கலாம். இதிலயும் எல்லாம் அடிக்கலாம்."

எல்லாம் அடிக்கலாம் என்றவருக்கு முதல் கிழமை அச்சுப்பொறியையே பேச வைக்க முடியவில்லை. அந்தக் கிழமைப் பாஸ்களைப் பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்து என் விரல் வீங்கிப் போனது. பிறகு அச்சுப்பொறி வழிக்கு வந்தது. கொழும்பில் இருந்து வருகிற கோப்புகள் வழிக்கு வரவில்லை. திறந்தால் கட்டங்கள் இடம்மாறிக் கிடக்கும். கரண்ட் போய் வந்தால் உள்ளே எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பும். அங்கே கரண்ட் போகாத நாள் எது? நான் ஏசுவேன். அவர் நிதானமாக, "திட்டினால் அதுக்குக் கேளாது. பிழை என்னெண்டு எழுதியிருக்கு, அதை வாசியுங்கோ" என்பார். எனக்குப் பிழை வாசிக்கிற உத்தியோகம் இல்லை, ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று நான் சொல்வேன். இது ஏதோ ஒருநாள் நடந்த பேச்சு என்று நினைக்க வேண்டாம். இதுதான் எங்கள் காலை வணக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் தட்டச்சுக்கு நாங்கள் பாவித்த பாமினி எழுத்தை அவர் லினக்ஸிலும் ஏற்றித் தந்தார். விரல் பழகிய இடங்கள் அப்படியே இருந்தன. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாளைய தமிழ் எழுத்துகள் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். மேலே பாமினி என்ற சட்டையைப் போட்டால் தமிழாகத் தெரியும். சட்டையைக் கழற்றினால் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கிடக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் அது நடந்தது.

சமாதானப் பேச்சு குலைந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். ஞானசீலன் லினக்ஸைப் புதிதாக ஒருதரம் ஏற்றியிருந்தார். கோப்புகளைத் திறக்காமலே ஒரே கட்டளையில் எல்லாப் பாஸையும் அச்சடிக்கலாம் என்று கண்டுபிடித்து அதில் அவருக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். "பாருங்கோ அண்ணை, ஒரு வரி அடிச்சால் காணும், அதுபாட்டில வரும்" என்றார். அதுபாட்டில் வந்தது. புதிதாக ஏற்றிய கணினியில் பாமினியைப் போட மறந்துவிட்டார். திரையில் ஒன்றையும் திறக்காதபடியால் அவருக்கும் தெரியவில்லை. அச்சடித்து முடியக் கரண்ட் போனது. ஊரடங்குக்கு முதல் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அந்தர அவசரத்தில், மங்கல் வெளிச்சத்தில் வெட்டி, முத்திரை குத்தி, ஆட்களிடம் கொடுத்து அனுப்பினோம். வாங்கினவர்களும் முத்திரையையும் இலக்கத்தையும்தான் பார்த்தார்கள். தன் பெயரை யார் வாசித்துப் பார்க்கிறான்?

அடுத்த நாள் காலை அந்தோனிப்பிள்ளையின் மனைவி அலுவலகத்துக்கு ஓடி வந்தார். அந்தோனிப்பிள்ளை இலங்கைத்துறைப் பக்கம் இருந்து வந்து எங்கள் கரையில் தொழில் செய்தவர். "அவரைப் பிடிச்சு வச்சிருக்கினம். பாஸில ஏதோ ரகசிய எழுத்தாம். ஆருக்கு என்ன எழுதிக் கொண்டு போறாய் எண்டு கேக்கினமாம்" என்று சொல்லிக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். கையில் வேறொருவரின் பாஸ். நான் வாங்கிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதும் பெரியதுமாய் ஆங்கில எழுத்துகள், நடுவில் அரைப்புள்ளி. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடதாசி சட்டைப் பையில் இருந்தால் மனிதன் திரும்பி வருவானா என்று சொல்ல முடியாது. ஞானசீலனின் முகத்தில் இரத்தம் இல்லை. ஆனால் அவர் எழுந்துவிட்டார்.

"நான் செய்த பிழை. நான் போறன்" என்றார்.

"தனியப் போய் நீங்களும் உள்ள இருக்கப் போறீங்களோ?" என்று ஏசிக்கொண்டு நானும் போனேன்.

காவல் வாசலில் அவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினார். எழுத்து, சட்டை, கழற்றினால் இப்படி, போட்டால் அப்படி. பொறுப்பாக நின்றவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதது கூடக் கூட அவருடைய குரல் உயர்ந்தது. நான் பின்னால் திரும்பித் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது உள்ளே கணினியில் தட்டிக்கொண்டிருந்த சீருடைப் பெடியன் ஒருவன் எழுந்து வந்து பாஸை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுடைய சிங்கள எழுத்தும் அப்படிப்பட்டதுதான். தான் அடித்த கடிதம் மேலிடத்துக் கணினியில் இப்படித்தான் திறந்தது என்றும், தானும் அதற்கு ஏச்சு வாங்கியவன் என்றும் அவன் தன் பெரியவருக்குச் சொன்னான். தன்னுடைய திரையிலேயே எழுத்தை மாற்றிக் காட்டினான். சிங்களம் மறைந்து, எங்கள் பாஸில் இருந்தது போன்ற அதே கூளம் வந்தது. பெரியவர் அதைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், ஞானசீலனைப் பார்த்தார். அந்தோனிப்பிள்ளை மத்தியானத்துக்கு முதல் வெளியே வந்தார்.

அன்றைக்கு ஒரு படகும் போகவில்லை. பிழையான பாஸ்களைத் திருப்பி வாங்கி, பாமினியைப் போட்டுப் புதிதாக அடித்தோம். கிழித்துப் போட்டவற்றை, திருகோணமலைத் தெருக்களில் மாடு போலத் திரிகிற மான்கள் வாசலில் நின்று தின்றன. மாலையில் ஞானசீலன் அந்தோனிப்பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் படலையடியில் நின்று, அந்த மனிசி ஏசி முடிக்கும் வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், "அண்ணை, அது லினக்ஸின்ர பிழை இல்லை. பாக்காமல் அடிச்ச என்ர பிழை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை வளைகுடாவுக்குள் தள்ளியிருப்பேன். "மனிசர் பிழை விடுவினம் ஞானம். பிழை விடுற மனிசருக்கும் பாவிக்க ஏலுமெண்டால்தான் அது நாளாந்தம் பாவிக்கிற சாமான்" என்றேன். நாளைக்கு விண்டோஸ் வராவிட்டால் நான் வரமாட்டேன் என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் கணினியைப் போட்டபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. முதல் வரி லினக்ஸ். இரண்டாவது வரியில், விண்டோஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் 'அண்ணை' என்று இருந்தது. "உங்கட வழி உதால போகுது" என்றார். பக்கத்தில் ஒரு எண் குறைந்துகொண்டு வந்தது. அது முடிவதற்குள் வரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி தானாக லினக்ஸுக்குள் போய்விடும். நான்தான் கணினியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறவன் ஆயிற்றே. திரும்பி வரும்போது ஒவ்வொரு நாளும் அது லினக்ஸுக்குள் போயிருக்கும். நான் கத்துவேன், நிறுத்துவேன், திரும்பப் போடுவேன், திரும்ப வாசலுக்குப் போவேன். வேண்டுமென்று செய்கிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் வாசலில் கனநேரம் நின்றுவிட்டேன். வீதியில் ஒரு வெடிச் சத்தம் கேட்டிருந்தது. கடைகளை இழுத்து மூடிக்கொண்டு சனம் ஓடியது. எல்லாம் அடங்கியபின் உள்ளே வந்து பார்த்தால் திரையில் அந்த இரண்டு வரியும் அப்படியே நின்றன. எண்ணைக் காணவில்லை.

"இது ஏன் போகாமல் நிக்குது?"

ஞானசீலன் தன் வேலையில் இருந்து தலையை எடுக்காமல், "எண்ணுறதை நிப்பாட்டிப் போட்டன். நீங்கள் வருமட்டும் நிக்கும்" என்றார்.

அலுவலகத்தில் மற்றவர்கள் முறைப்பட்டார்கள். காலையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தால் கணினி தயாராக நிற்க வேண்டும், இது சும்மா கறுப்பாக நிற்கிறது என்றார்கள். அவர் மாற்றவில்லை.

அவருக்கும் ஒரு நாள் வந்தது. கொழும்பில் இருந்து வந்த ஒருவரின் பென்டிரைவில் வைரஸ் வந்து என் விண்டோஸ் பக்கத்தை முழுதாகத் தின்றது. அடுத்த நாள் கிழமைப் பாஸ். முற்றம் நிறைய ஆட்கள். ஞானசீலன் முதல் வரிக்குள் போய், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் வாசித்து, அடித்துத் தந்தார். எல்லாப் படகும் போயின. "இப்ப என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டார். "நீங்கள் பக்கத்தில இருந்தால் ஓடும். நீங்கள் இல்லாட்டி?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

பிறகு கடலையே மூடிவிட்டார்கள். பாஸுக்கும் வேலை இல்லை. ஷெல் சத்தத்துக்குள் அலுவலகம் நடத்த முடியாது என்று சங்கம் கணினியை ஞானசீலனின் பாலையூற்று வீட்டில் வைக்கச் சொன்னது. நானும் அவரும் முச்சக்கர வண்டியில் அதைக் கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்டிப் பூட்டி, அடுத்த சாவடியில் திரும்பவும் திறந்து, வீடு போய்ச் சேரும்போது ஓர் ஆணி குறைந்திருந்தது. கொஞ்சக் காலத்தில் நான் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய்விட்டேன். சண்டை முடிந்து எத்தனையோ வருடமான பிறகும் எங்கள் சண்டை தொலைபேசியில் நடந்தது. ஒருநாள் சும்மா எடுத்து, "அண்ணை, உங்கட கையில இருக்கிற போனுக்குள்ளயும் அடியில ஓடுறது லினக்ஸ்தான். தெரியுமே?" என்றார். போனை வைத்துக் கடல் பாஸ் அடிக்க ஏலாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் திரும்ப எடுத்துச் சிரித்தார்.

நேற்று பாலையூற்றுக்குப் போனேன். செத்த வீட்டுக்குப் போனதை விட்டால், அங்கே போய்ப் பல வருடம். மேசையில் இருந்தது பழைய கணினி இல்லை, புதிது. மெற்றில்டா அதைப் போட்டுவிட்டு, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று குசினிக்குப் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். வீதியில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். ஓர் ஐஸ்கிறீம் வண்டி போனது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கனநேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி 'அண்ணை'. எண் எதுவும் குறையவில்லை. அப்படியே நின்றது.

தேத்தண்ணியோடு வந்த மெற்றில்டா நான் பார்ப்பதைக் கண்டார். "அது எப்பவும் உப்பிடித்தான் நிக்கும். நான்தான் ஒவ்வொரு நாளும் தட்டி விடுறனான். புது மிசின் வாங்கினாலும் முதல் வேலையா உதைத்தான் போடுவார். இதுக்கு விண்டோஸைக் காசு குடுத்து வாங்கிப் போட்டவர். அண்ணைக்கும் களவுச் சாமான் குடுக்க ஏலாதாம். நீங்கள் பாவிக்கேல்லைத்தானே, ஏன் உந்த வில்லங்கம் எண்டு கேட்டனான். அண்ணை வந்தால் கத்துவார், அவருக்கு அவசரம், கிடக்கட்டும் எண்டார்."

நான் கதிரையில் இருந்தேன். கதவுக்கு முதுகு காட்டித்தான் இருந்தேன். அது தெரிந்தும் எழும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியைத் தட்டினேன். லினக்ஸ் திறந்தது. படங்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. திரையில் எழுதியிருந்ததை வாசித்தேன். வழி அதிலேயே இருந்தது. அட்டையில் நீங்கள் பார்க்கிற படம் அப்படி எடுத்ததுதான்.

உங்கள் வீட்டுக்கு லினக்ஸ் சரிவருமா என்று என்னைக் கேட்டால், பக்கத்தில் ஒரு ஞானசீலன் இருந்தால் வரும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த விஷயத்தில் நான் மாறவில்லை, அவர் அறியட்டும். ஆனால் என்னுடைய அந்தரத்தை யாரும் திருத்தப் பார்க்காமல், அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்தது அவர் ஒருவர்தான். அவரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி. அதை அழிக்க வேண்டாம் என்று மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.